ஸக்காத்துக்கு வட்டி ஏறிய கதை

1

“அப்ப, என்ட ஸக்காத்துக்கு வட்டி ஏறுதா?”

“ஓம் முதலாளி. வருசா வருசம் ஏறும். சேமலாப நிதி எண்டா அப்பிடித்தானே.”

“அஸ்தஃபிருல்லாஹ்! பெனடிக், ஒனக்கு நான் என்னடா குறை வச்ச?”

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் இவ்வளவுதான். வீட்டு நெல்லைக் குத்தக் கொண்டுபோய், கல்முனையில் ஓர் ஆலையின் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, ருசிய நாவலொன்றின் மொழிபெயர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். கணக்கெழுதும் கந்தோர் அறைக்குள்ளிருந்து இந்த மூன்று வரிகள் வந்தன. பிறகு மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. மீதியை நானே எழுதவேண்டியதாயிற்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், குமாஸ்தா பெனடிக் தன் கிழிந்த மேலங்கியை...’

(கல்முனையில் பனி கொட்டுவதில்லை. பெனடிக்கிடம் மேலங்கியும் இல்லை. விட்டுவிட்டேன்.)

மறுபடி: எண்பத்திரண்டாம் ஆண்டு, கச்சான் காற்று அனலாய் வீசிய நோன்பு மாதம். கச்சிமுகம்மது முதலாளியின் ஆலையில் கணக்கெழுதும் பெனடிக் கத்தோலிக்கன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். வினை அங்கேதான் பிடித்தது. அரசாங்கத் தொழில் கந்தோர்க்காரர் ஒருவர் வந்து கணக்கைக் குடைந்துவிட்டுப் போன நாள்முதல், “இனி என்ட கையால போற ஒவ்வொரு சதமும் புத்தகத்தில ஏறணும்” என்பது முதலாளியின் கட்டளை. நோன்பு இருபத்தேழில், வருசந்தோறும் ஏழைகளுக்கு ஈயவேண்டிய தன் ஸக்காத்தை ஆலைத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுத்தார், சம்பளம் போட்ட அதே உறையில். பெனடிக் அதையும் ஏற்றினான். எந்தத் தலைப்பில் என்று பேனாவைக் கடித்து யோசித்து, ‘அலவன்ஸ்’ என்று போட்டான். அலவன்ஸ் சம்பளத்தோடு சேர்ந்தது. சம்பளமென்றால் சேமலாப நிதிக்குப்* பிடிக்கவேண்டும். பிடித்தான். முதலாளியின் பங்கையும் கூட்டினான். அனுப்பினான்.

அல்லாஹ்வுக்குரிய கடமையில் ஒரு பங்கு இப்படித்தான், அவன் விலக்கிய வட்டியில் வளர, கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

* தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கும் முதலாளி போடும் ஒரு பங்கும் சேர்ந்து, வயதுபோன காலத்தில் வட்டியோடு கைக்கு வரும் பணம். ஸக்காத்தை வட்டிக்கு விட்ட கத்தோலிக்கனுக்கு எந்தச் சமயத்தில் பாவம் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

3

“ஆக்கள்ட உறையில வெட்டின காச நீங்க திரும்பக் குடுத்தா முடிஞ்சிதே முதலாளி?”

“குடுக்கலாம். அங்க போனது? நான் மௌத்தாகி கபுறுக்குள்ள கிடக்கக்குள்ளயும் வட்டி போட்டுக்கொண்டிரிக்குமே! கடதாசிய எடு. கூடப்போனதத் திருப்பிக் கேட்டு எழுது.”

எழுதினான். ‘மேற்படி தொகை நாங்கள் உழைத்த கூலியல்ல, ஸக்காத்’ என்று ஒவ்வொருவரும், தன் பேருக்கு நேரே ‘ஸக்காத்’ என்று போட்ட இடத்தில், கையெழுத்து வைக்கவேண்டும். (இப்படி ஒரு விதி மெய்யாகவே உண்டா என்று கேட்காதீர்கள். கதைக்குத் தேவைப்படுகிறது.) மூட்டை தூக்கும் சீனிமுகம்மது முதல் ஆளாக வைத்தார். “ஒரு ஸக்காத்த ரெண்டு தரம் வாங்கினவன் இந்த ஊரில நான்தான்” என்று சிரித்தார். எல்லாரும் வைத்தார்கள், ஒருத்தியைத் தவிர.

4

அந்த ஒருத்தியை, நெல் அவிக்கும் முனவ்வறாவை, முதலில் கண்ணீர் விடுகிற விதவையாக எழுதினேன். இரண்டு பக்கம் அழவைத்துப் பார்த்தேன். அவள் அழ மறுத்துவிட்டாள்.

“கையெழுத்த வைங்க ராத்தா” என்றான் பெனடிக்.

“என்னத்துக்குத் தம்பி?”

“ஸக்காத் எடுத்ததெண்டு.”

“ஆரு எடுத்த? நோன்பப் புடிச்சிக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில நிண்டு நெல்லு அவிச்ச நான். ஆளில்லாம ரெண்டு பேர்ட வேலைய ஒராளாச் செஞ்ச. முதலாளி அதக் கண்டுதான் கூடப் போட்டுத் தந்திரிக்காரு எண்டெல்லோ நினைச்ச!”

அந்தக் காசில் மகளுக்குத் தோடு வாங்கியிருந்தாள். பொத்துவில் மாப்பிள்ளை, பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளையின் மாமன் வேறு யாருமில்லை, சீனிமுகம்மதுதான். அவர் முகத்துக்கு நேரே, “மகள்ட காதில கிடக்கிறது என்ட வேர்வை” என்று சொல்லியும் இருந்தாள். இப்போது ‘ஸக்காத்’ என்று கையெழுத்து வைத்தால், அவர் அந்தக் கடதாசியைப் பார்க்காமலா இருப்பார்?

“அவரும்தானே ராத்தா எடுத்திரிக்காரு?”

“அவரு மாப்பிள்ளப் பகுதி, தம்பி. அவங்க எடுத்தா அது ஸக்காத். பொண்ணுப் பகுதி எடுத்தா அது ஊர்க்கதை.”

பெனடிக்குக் காது சிவந்தது. ‘அலவன்ஸ்’ என்று போட்டது அவன் கைதானே.

5

முடிவுகள் சில செய்து பார்த்தேன்.

பெனடிக் அவளுக்காகத் தானே கையெழுத்துப் போட்டுவிடுகிறான். (முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லமாட்டார், பெனடிக் தானே எல்லாரிடமும் சொல்லிவிடுவான்.)

முதலாளி அவளுக்குத் தனியாகக் கூலி கொடுக்கிறார். இதைப் பெனடிக்கைக்கொண்டு கேட்பித்தும் பார்த்தேன். “குடுத்தா நாளைக்கு எல்லாரும் அடுப்படியில நிண்டதாத்தான் சொல்லுவானுகள், போடா” என்றார்.

முனவ்வறா ரயிலேறித் தூரதேசம்... (கல்முனைக்கு ரயிலே இல்லை.)

ஆகவே கடைசிக் காட்சி ஒன்றுதான் மிஞ்சுகிறது. தபால் கட்டும் நேரம். பெனடிக் கடதாசியோடு ஆலை முற்றத்துக்கு வருகிறான். காயும் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த முனவ்வறா, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்குகிறாள். கந்தோர் ஜன்னலில் முதலாளி செருமுகிறார். சீனிமுகம்மது மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இறக்கின இடத்திலேயே நிற்கிறார். பெனடிக் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.

அவள் பேனாவை மறுபடி அவன் கையிலேயே வைக்கிறாள்.

“கையெழுத்து இப்பவே வைக்கிறன். என்ட பேருக்கு நேர மட்டும் அந்த ‘ஸக்காத்’த வெட்டிப்போட்டு, ‘கூலி’ எண்டு எழுதித் தாங்க தம்பி.”