வேலிகாத்தான் சாம்பல்

காலை பத்து மணி அடித்ததும் துரை தன் அன்றாட அலுவலான தூக்கத்தைத் தொடங்கிவிடுவான். செங்கல்பட்டை ஒட்டிய மூன்று ஏக்கர் தோப்புக்கு அவன்தான் காவல். அவன் விடும் குறட்டையில் கல்பாக்கம் பஸ்ஸே தடம் மாறிப் போய்விடும் என்று ஊரில் பேச்சு.

தோப்பில் இருந்தவை வெறும் வேலிகாத்தான் முள்மரங்கள். முன்பு அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை நடந்தது. முதலாளி ஒருநாள் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். ஈயத்தை மட்டும் தாராள மனசோடு மண்ணில் விட்டுவிட்டார். அதைச் சுத்தம் செய்யத்தான் கோமளம் என்ற கல்லூரிப் பேராசிரியை 1998இல் இந்த மரங்களை நட்டார். வேர் ஈயத்தை உறிஞ்சும். கிளையும் இலையும் அதைச் சேர்த்துவைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலை பறித்துச் சோதித்து, மண்ணின் நிலைமையைத் தெரிந்துகொள்வார். சோதனைக் கிளைகளுக்குச் சிவப்பு பெயிண்டில் வளையம் போடுவார். வெட்டிய கிளைகளைக் கொட்டகையில் பூட்டிவைக்க வேண்டும். லாரி வந்து அள்ளிப்போகும்.

"ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது துரை" என்பார். துரை கழுத்தே கழன்றுவிடும்படி தலையாட்டுவான்.

அவர் போனதும் டீக்கடை சின்னையன் வருவான்.

"அண்ணாத்த, ரெண்டு கட்டு வெறகு தேறுமா?"

"போண்டா சூடா கீதா?"

"கை சுட்டுக்கும்."

"அப்ப எட்த்துகினு போ. பச்சப்பசேல்னு கீற மரத்துல இன்னா விஷம்? படிச்சவங்களுக்கு எதப் பாத்தாலும் பேஜாரு."

நாலு போண்டா, ரெண்டு டீ. அதுதான் மாமூல். சின்னையனுக்கு ஒரு கட்டு போனால், துரை வீட்டு அடுப்புக்கும் ஒரு கட்டு போகும்.

2003 ஆடியில் மகள் காயத்ரி தாய்வீடு வந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான கரு; மூன்றாம் மாதம். அந்த வாரம் துரையின் கால் தரையில் படவே இல்லை. தெருநாய் தவிர எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டான்.

மசக்கையில் காயத்ரிக்குச் சாம்பல்மேல் ஆசை வந்தது. அடுப்பிலிருந்து அள்ளி, உள்ளங்கையில் வைத்து நக்கினாள். தாய் ஆராயி சிரித்தாள். "தின்னுடி. உன்ன வயித்துல வெச்சிகினு நான் ஒரு அடுப்பையே தின்னவதான்."

ஒன்றரை மாதத்தில் காயத்ரிக்கு ஓயாத வயிற்றுவலி. முகம் வெளுத்தது. "மசக்கைன்னா அப்டித்தான்" என்றாள் ஆராயி.

புரட்டாசியில் இலை பறிக்க வந்த கோமளம், பூட்டிய கேட்டைப் பார்த்து, சாவிக்காகத் துரை வீட்டுக்கே வந்தார். அடுப்போரம் கிடந்த விறகில் சிவப்பு வளையம். பக்கத்தில் காயத்ரி சாம்பல் நக்கிக்கொண்டிருந்தாள்.

கோமளம் அவள் கையைத் தட்டிவிட்டார். "எத்தனை நாளாம்மா திங்கறே?"

"வந்ததுலேந்து மேடம். தெனமும் ஒரு புடி."

கோமளம் சாவியோடு வந்து நின்ற துரையின் பக்கம் திரும்பினார். "கட்டை எரிஞ்சாலும் ஈயம் எரியாது துரை. ஒரு கட்டு விறகுலே இருக்கறது ஒரு பிடி சாம்பல்லே வந்துடும். இந்தப் பொண்ணை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு வா."

ரத்தத்தில் இருந்த ஈயத்தின் அளவைச் சொல்லவே டாக்டர் தயங்கினார். பத்தாம் நாள் கரு கலைந்தது.

காயத்ரி அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி ஒரே ஒருமுறை கேட்டாள். "நைனா, நீ எடுத்துகினு வந்த வெறகா அது?"



மறுவாரம் எதுவும் தெரியாத சின்னையன், போண்டாப் பொட்டலத்தோடு தோப்புக்கு வந்தான். துரை கேட்டை மறித்து நின்றான்.

"உன் கடை கிளாஸ எதுல தேய்க்கிற?"

"சாம்பல்லதான். ஏன் அண்ணாத்த?"

"அந்தச் சாம்பலக் கொண்டுபோய் மேடம் கையில குடு. உன் புள்ளைங்களுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணு." துரை போண்டாப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டான். "மரம் அது வேலைய ஒழுங்கா செஞ்சிதுடா. அஞ்சு வருசமா மண்ணுல கெடந்த விஷத்த உறிஞ்சி, கையில புடிச்சி வெச்சிகினு நின்னுது. காவலுக்கு நின்ன நான்தான் நாலு போண்டாவுக்கு அத வித்து, எம் பொண்ணுக்கே ஊட்டிட்டேன். ஊரச் சுத்தம் பண்ண ஆயிரம் மரம் வெக்கலாம். காக்கிறவன் கை சுத்தமா இல்லன்னா, அந்த விஷம் அவன் வூட்டு அடுப்புக்குத்தான் வரும்."