பன்னிரண்டாம் பாரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞானபூரணி மதினி சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். கேட்டதை எழுதலாமா என்று அனுமதியும் வாங்கினேன். "எழுதுங்க தம்பி. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதிராதீக" என்றார். ஆகவே இதில் யாரும் அழமாட்டார்கள். அழவேண்டிய இடம் வந்தால் ஒரு அடைப்புக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

முதல் வரிக்கு நான் எழுதிப் பார்த்தவை:

"சிவகாசியில் அன்று மழை பெய்து..." (பெய்யவில்லை. மழை விஷயத்தில் பொய் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் மேலே படிக்கமாட்டார்கள்.)

"2007ஆம் ஆண்டு சாலமன்ராஜ் என்பவருக்குக் கண்பார்வை..." (போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது மாதிரி இருக்கிறது.)

"விஸ்வநத்தத்தில் அன்று காலை ஒரு வெடி..."

மூன்றாவதை அடித்ததற்குக் காரணம் சொல்லவேண்டும். சிவகாசி என்ற பெயரைப் பார்த்ததும் நீங்கள் விபத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஒரு பத்திரிகை ஆசிரியரும் போனில் கேட்டார்: "கண்ணு பட்டாசுல போன மாதிரி வச்சுக்கலாமே, சார்?" வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சாலமன்ராஜ் அண்ணனுக்குக் கண் போனது சர்க்கரை வியாதியால். பட்டாசில் நிஜமாகவே கண்ணைக் கொடுத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் துயரத்தை எடுத்து என் கதைக்கு வெளிச்சம் போட எனக்கு மனசு வரவில்லை.

2

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் அவர் டிடிபி ஆபரேட்டர், நான் புரூஃப் பார்ப்பவன். அவர் மனைவியான மதினி அதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். இரண்டு பேரும் பக்கத்து ஊரான விஸ்வநத்தத்தில் குடியிருந்தார்கள்.

காலண்டர் சீசன் முடிந்ததும் எங்கள் அச்சகத்துக்குப் புத்தக ஆர்டர் வரும். மதுரைப் பதிப்பகம் ஒன்று சி, ஜாவா என்று தமிழில் விளக்கம் எழுதிய தடித்தடியான கம்ப்யூட்டர் புத்தகங்களை அனுப்பும். அவற்றுக்குப் பக்கம் அமைத்து அமைத்தே அண்ணன் புரோகிராம் எழுதப் பழகிவிட்டார்.

(இனிக் கொஞ்சம் கட்டுரை வரும். கதை மட்டும் போதும் என்பவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.)

பிரவுசிங் சென்டரில் இருபது ரூபாய் கொடுத்தால் எல்லாப் புரோகிராமும் திரையில் வந்து விழுகிறதே, எதற்கு இந்தச் செங்கல் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் பென்சிலோடு ஒரு புரோகிராம் புத்தகத்தைப் படித்திராதவர்கள். கரண்ட் போனாலும் அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கும். முன்பக்கம் ஒன்றில் ஒரு விரலும் பின்பக்கம் ஒன்றில் இன்னொரு விரலும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். புரோகிராமுக்குக் கீழே ஒரு கட்டத்துக்குள் விடையை அச்சடித்திருப்பார்கள். அந்தக் கட்டத்தை இடது கையால் மறைத்துக்கொண்டு, ஓரத்து வெள்ளையில் எண்களைக் குறித்துக் குறித்து நாமே அதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்போம். கடைசியில் கையை எடுக்கும்போது நம் விடையும் கட்டத்து விடையும் ஒன்றாக இருந்தால் வருகிற சந்தோஷம் எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் ஒருநாளும் வந்ததில்லை. அது எப்போதும் என்னை முந்திக்கொண்டு பதிலைச் சொல்லிவிடுகிறது.

அண்ணனுக்கு இதற்கு மேலே ஒரு பித்து. ஒரு புரோகிராம் ஒரே பக்கத்துக்குள் முடியவேண்டும். "நடுவுல பக்கத்தத் திருப்பினா யோசனை அறுந்துரும்லே" என்பார். அதற்காக எழுத்தைச் சுருக்குவார், படத்தை நகர்த்துவார், மேனேஜரோடு சண்டை பிடிப்பார். படிக்கிறவர்கள் யாருக்கும் இது தெரியப்போவதில்லை என்று நான் கேலி செய்ததுண்டு.*

* எங்கள் ஊரில் புத்தகத்துக்கு அட்டை போட யாரும் கடையில் தாள் வாங்குவதில்லை. அச்சில் கழித்த பட்டாசு லேபிள்தான் அட்டை. இந்தக் கதையில் வரும் சி புத்தகத்துக்குக் கிளிப்படம் போட்ட கம்பிமத்தாப்பு லேபிள். கதைக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எனக்குச் சொல்ல ஆசையாக இருந்தது.

3

கண் மங்கிக்கொண்டே வந்து ஒருநாள் விளிம்பில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் மதினியை மட்டும் உள்ளே அழைத்து, "நீங்களும் இந்தத் தொழில்ல இருக்கீங்க, மறைக்கல. இனி பார்வை வராது" என்றார். மதினி வெளியே வந்தார். அண்ணன் பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஆறு மாசம் பொறுக்கணுமாம். பெறகு கொஞ்சம் கொஞ்சமாத் தெரியுமாம்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது என்று மதினி என்னிடம் சொன்னார். (அடைப்புக்குறி.)

"அப்பம் ஆறு மாசத்துல மூளை துருப்பிடிச்சிரக் கூடாது" என்றார் அண்ணன். "அந்த சி புத்தகம் வீட்டுல கெடக்குல்ல? நீ வாசி. நான் மனசுலயே ஓட்டிப் பாத்துக்கிடுறேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. டூட்டி முடிந்து வந்து முகம் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மதினி வாசிக்க ஆரம்பிப்பார். ஒருநாளைக்கு இரண்டு பக்கம்.

"ஃபார்... பிராக்கெட் ஓப்பன்... ஐ ஈக்குவல் டு ஜீரோ... செமிகோலன்... ஐ லெஸ் தேன் டென்... ஐ பிளஸ் பிளஸ்..."

"நில்லு. டென்னுக்குப் பெறகு ஒரு செமிகோலன் வரணுமே."

"இல்லீக."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன், இல்ல."

"அப்பம் அச்சுல விட்டுப்போச்சு. பென்சில எடுத்துப் போடு."

மதினி போடுவார். புரூஃப் பார்த்த மகராசனாகிய நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன். ஒரு பிழையைப் பிடித்த அன்று அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சர்க்கரைக்காரர் என்றும் பாராமல் ஒரு தோசை கூடக் கேட்பார்.

4

மதினி என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பகலெல்லாம் வெந்த உடம்புகளுக்கு மருந்து போட்டுவிட்டு வந்து, தனக்கு ஒரு எழுத்தும் புரியாத புரோகிராமை ஒருத்தி தினமும் வாசிப்பாளா? வாசகர்கள் நம்புவார்களா? இதுவரை எழுதியதை அவரிடமே படித்துக்காட்டினேன்.

"ரொம்ப நல்லவளாக்கி வச்சிருக்கீக" என்றார். "பாதியில கொட்டாவி வந்துரும் தம்பி. எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணு மாதிரிதான். சில நாளு அலுப்புல ஒரு வரியத் தாண்டிருவேன். உடனே புடிச்சிருவாரு. 'ஏ பூரணி, ஒரு வரியத் தின்னுட்டியே'ம்பாரு."

அந்த நாட்களில் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "கம்ப்யூட்டரே வாசிச்சுக் காட்டுற சாப்ட்வேர் இருக்குண்ணே. நெட்டுல எறக்கித் தாரேன்."

"அது வரியத் தாண்டுமாலே?"

"தாண்டாது."

"அப்பம் அங்கன எனக்கு என்ன வேலை?"

மூவரும் சிரித்தோம். கதையில் நாங்கள் சிரிப்பது இதுதான் கடைசி என்று எழுதி, அப்படிச் சொல்வது மட்டமான தந்திரம் என்று அடித்துவிட்டேன். அடித்ததை நீங்களும் படித்துவிட்டீர்கள், என்ன செய்ய.

5

டூட்டி முடிந்து வந்து முகம் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மதினி வாசிக்க ஆரம்பிப்பார். அன்றைக்கு 176ஆம் பக்கம் முடிந்தது. தாளைத் திருப்பினார். பெரிய எழுத்தில் புது அத்தியாயம், மேலே 193 என்று இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாகப் பெரிய தாளில் அச்சடித்து மடிப்பார்கள். அந்த ஒவ்வொரு மடிப்புக்கும் பாரம் என்று பெயர். பைண்டிங் செய்கிற பெண்கள் எல்லாப் பாரத்தையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். யாரோ பன்னிரண்டாம் பாரம் இருக்கவேண்டிய இடத்தில் பதினொன்றாம் பாரத்தையே இன்னொரு அடுக்காக வைத்துவிட்டார்கள். அதனால் சில பிரதிகளில் 161 முதல் 176 வரை இரண்டு தடவை இருக்கும், அடுத்த பதினாறு பக்கம் இருக்காது. இப்படிக் கழிந்த பிரதிகள்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஓசியில் கிடைக்கும். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்படி ஒன்று. கண் மங்கிய பிறகு கொண்டுவந்ததால் அவர் பார்க்கவில்லை.

மதினி பின்னோக்கிப் புரட்டினார். ஒரு 161. அதற்கு முன்னால் இன்னொரு 161. முதல் பாரத்தில் அவரே பென்சிலால் போட்ட செமிகோலன் இருந்தது. இரண்டாவதில் அதே புரோகிராம், அதே வரி, செமிகோலன் இல்லாமல் கிடந்தது. அதை அவர் நான்கைந்து நாளுக்கு முன்னால் அப்படியே வாசித்திருக்கிறார்.

"ஒரு வரி தாண்டினா புடிக்கிற மனுசன் தம்பி. ஒரு வாரமா வாசிச்சதையே வாசிச்சிருக்கேன். 'ம்... ம்...'ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. ஒரு வாட்டி நில்லுன்னு சொல்லல."

(அடைப்புக்குறி.)

6

நீங்களும்தான் சொல்லவில்லை. ஐந்தாம் பகுதியின் முதல் வாக்கியம் மூன்றாம் பகுதியில் ஏற்கனவே வந்தது, ஒரு எழுத்து மாறவில்லை. கவனிக்காமல் போயிருந்தால் பரவாயில்லை. கவனித்தும் பேசாமல் இருந்திருந்தால், ஏன் இருந்தீர்கள்? எழுதியவன் மனம் நோகக்கூடாது என்றா? இல்லை, இவன் எப்படி எழுதினால் நமக்கென்ன என்றா? அண்ணன் விஷயத்தில் எனக்கு விடை தேவைப்படுவதும் இந்தக் கேள்விக்குத்தான்.

முதல் விடை: தூங்கியிருப்பார். இதை எழுதினால் கதை இங்கேயே நிம்மதியாக முடிந்துவிடும். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "தூங்குறவரு வரிக்கு வரி 'ம்' கொட்டுவாராக்கும்?"

இரண்டாவது: மனைவியின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் பிடித்த விடை, அரைப் பக்கம் உருகி உருகி எழுதினேன். "என் கொரலா? வார்டுல கத்திக் கத்தித் தேஞ்ச கொரலு" என்று மதினி கையை வீசிவிட்டார். அரைப் பக்கத்தையும் கிழித்தேன்.

மூன்றாவதை மதினிதான் சொன்னார், அந்த 193ஐப் பார்த்த அன்றைக்கே. அடுப்படியில் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. கண்ணு வராதுன்னு எப்பயோ தெரிஞ்சிருக்கு. பெறகு எதுக்கு அந்தச் செமிகோலனு? நான் வாசிக்கிறதால எனக்கு ஒரு தெம்பு இருக்குன்னு நெனச்சிருக்காரு. நான் நிப்பாட்டிரக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு."

சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதைச் சொல்வதில் வெட்கம் இல்லை, அழக்கூடாது என்ற நிபந்தனை மதினிக்குத்தான், எனக்கு இல்லை. ஒரே வாசலில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றித் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இடையில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

7

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அச்சகத்துக் கிட்டங்கியில் பழைய கட்டுகளைப் பிரித்துப் பன்னிரண்டாம் பாரத்தின் தாள் ஒன்றைத் தேடி எடுத்தேன். நானே மடித்து ஓரம் வெட்டினேன். மறுநாள் சாயங்காலம் விஸ்வநத்தம் போனேன். மதினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பதினொண்ணு ரெட்டை விழுந்தா பன்னெண்டு இருக்காதுன்னு அச்சகத்து ஆளுக்குத் தெரியாதா? இத வாசிச்சா, முன்ன வாசிச்சது ரெட்டைன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்" என்றார் மெல்லிய குரலில். "அவருக்குத் தெரியும்ங்கிறது எனக்குத் தெரியும்னு ஆயிரும். பெறகு ரெண்டு பேரும் எத வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

புத்தகம் குறையோடு இருந்தால் நிரப்பவேண்டும் என்பது மட்டும்தான் என் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

"யாரு, செல்வமா?" அண்ணன் குரல்.

"ஆமாண்ணே."

"வாலே, உக்காரு."

மதினி நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் கிளிப்பட அட்டை போட்ட புத்தகம், அதன்மேல் நான் கொண்டுவந்த பாரம். அண்ணன் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வாசி பூரணி. எங்கன விட்டோம்?"

இதற்கு முன்னால் அவர் இப்படிக் கேட்டதே கிடையாது. முந்தின நாள் விட்ட வரியை அவரே சொல்வார், அதிலிருந்துதான் வாசிப்பு தொடங்கும். அன்று கேட்டார். மதினி என்னைப் பார்த்தார்.

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன். மதினி 177ஐ வாசிக்கிறார், முதல் வரியிலேயே அண்ணனுக்கு விளங்கிவிடுகிறது, இனி வராத கண்ணைப் பற்றி அன்று முதல்முறையாக இருவரும் பேசுகிறார்கள். அல்லது ஒன்றும் நடக்காத மாதிரி 193ஐ வாசிக்கிறார், அண்ணன் 'ம்' கொட்டுகிறார், புத்தகம் தீரும்வரை இப்படியே ஓடுகிறது. அல்லது 161ஐ மூன்றாவது தடவையாக...

எது நடந்தது என்று கேட்காதீர்கள். நான் எழுந்து, வேலை இருக்கிறது என்று முனகிவிட்டு, மதினியின் குரல் காதில் விழுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். நான் கேட்கவில்லை, மதினியும் சொல்லவில்லை.

நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாசல் வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அவர் கேட்டுவிட்டார், எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.