எண்ணெய் ஏறும் முன்

காருக்கு நல்ல நேரம் பார்த்தது யாமினி அல்ல. அவளைக் கேட்டிருந்தால், எஞ்சின் எப்போது தயாராகிறதோ அதுதான் நல்ல நேரம் என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

பார்த்தது அவள் மாமியார் தனபாக்கியம். கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து அமெரிக்காவில் பிளானோவுக்கு மகன் வீட்டில் தங்க வந்தபோது, பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே தினசரி நாள்காட்டி ஒன்றையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"சனிக்கெழம ஒம்போது மணிக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள வண்டிய எடுத்துப் போடோணும்" என்றார்.

"அம்மா, அது இந்தியா டைம்" என்றான் நெடுஞ்செழியன். "டெக்ஸஸ்ல ராகு இன்னும் தூங்கிட்டிருப்பாரு."

"அவரு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரு ஒம்போதுக்குத்தான் எந்திரிப்பாரு. நீ பேசாத இரு."

அவன் சிரித்துக்கொண்டே நண்பர்கள் குழுவில் செய்தி போட்டான். 'சனிக்கிழமை காலை டிபன். எங்க வீட்டு டர்போ முதல் ஸ்டார்ட். எல்லாரும் வந்துடுங்க.' எங்க வீட்டு என்ற சொல்லை யாமினி இரண்டு முறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேரேஜுக்குப் போனாள்.

அங்கே இருந்தது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் செத்த நிலையில் வாங்கியது. போன கோடையில் அவள் அந்த எஞ்சினைத் தனியாக இறக்கி, பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய போர்வையின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தாள். இப்போது அது மறுபடி ஒன்றாகிவிட்டது; பக்கவாட்டில் ஒரு டர்போவும் சேர்ந்திருந்தது. வெளியே வீணாகப் போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். கையளவு பொருள். ஆனால் சுழல ஆரம்பித்துவிட்டால் கண்ணால் பார்க்க முடியாத வேகம்.

கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்தவள் அவள். வகுப்பிலிருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணவனைச் சார்ந்த விசாவில் இங்கே வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களில் அந்தப் படிப்பு ஆறிப்போனது. அனுமதி வந்தபோது கிடைத்தது சாஃப்ட்வேர் டெஸ்டிங். யாரோ செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. அவள் அதைக் குறை சொன்னதில்லை. எதையுமே அதிகம் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவளுடைய மௌனத்தைத் திருப்தி என்று எடுத்துக்கொள்வது வீட்டில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

எஞ்சினின் சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்தவர் அல்பிரட். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து ஊரான கார்லண்டில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டித் தரும் பட்டறை வைத்திருந்தார். முதல் நாள் அவள் எழுதிக் கொண்டுபோன அளவுகளைத் தன் கருவியால் சரிபார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இதை ஆர் அளந்தது, பிள்ளை?"

"நான்தான் அங்கிள்."

கருவியை வைத்துவிட்டு மூலையைக் காட்டினார். "கேத்தில் அங்க இருக்கு. தேத்தண்ணி வேணுமெண்டா போட்டுக் குடியுங்கோ. வாடிக்கைக்காரருக்குத்தான் நான் போட்டுக் குடுக்கிறது. வேலை தெரிஞ்சவை தாங்களே போடவேணும்."

அன்று அவள் தானே போட்டுக் குடித்த தேநீர் அளவுக்கு மீறித் தித்தித்தது.

போன மாதம் அவருடைய ஆள் ஒருவன் ஹூஸ்டனுக்குப் போய்விட்டான். அப்போது சொன்னார்: "உங்கட காரை நீங்களே ஓட்டிக்கொண்டு வாங்கோ. நான் எஞ்சின்ர சத்தத்தைக் கேக்கிறன். அது சரியெண்டா அடுத்த திங்கள்ல இருந்து வேலைக்கு வாங்கோ. எனக்கு வேற சேர்ட்டிபிக்கட் வேண்டாம்." பிறகு, அவள் வாசலைத் தாண்டும்போது: "முதல்ல எண்ணெய் ஏத்துங்கோ பிள்ளை. அதில அவசரப்படுற ஆக்களை நான் கடைக்குள்ள விடுறேல்லை."

சனிக்கிழமை முதல் ஸ்டார்ட், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். இதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது மறுநாளே நண்பர்கள் குழுவுக்குப் போய்விடும். எங்க வீட்டு மெக்கானிக் என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

எண்ணெய் விஷயம் அல்பிரட் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. புதிதாகக் கட்டிய எஞ்சினில் எண்ணெய் அடியில்தான் கிடக்கும். மேலே பாகங்கள் காய்ந்திருக்கும். டர்போவின் சக்கரத்தைத் தாங்கும் தண்டோ ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல வேண்டும். அதனால் முதலில் பெட்ரோலை நிறுத்திவிட்டு, எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உயிர் கொடுப்பது. வெள்ளிக்கிழமை மாலை அவள் பெட்ரோல் ஏறாமலிருக்கக் காரின் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி டேஷ்போர்டின் மேல் வைத்தாள். பேட்டரி இறங்கியிருந்தது; இரவு முழுக்கச் சார்ஜில் போட்டாள். காலையில் விருந்தாளிகள் வருமுன் கால் மணி நேரம் போதும்.

காலையில் அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை. வடைக்கு அரைக்க வேண்டியிருந்தது. பொங்கல் அடிபிடித்தது. பத்மநாபன் சார் குடும்பத்தோடு முன்னதாகவே வந்து, "ஃபில்டர் காஃபி வாசனை ரோடு வரைக்கும் வருதே" என்று உட்கார்ந்துவிட்டார். நெடுஞ்செழியன் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர் பெரிய ஆள். அவள் டிகாக்‌ஷனை ஊற்றிக்கொண்டே கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "செழியா, நான் வர்ற வரைக்கும் காரைத் தொடாத."

"ஓகே, ஓகே. நீ டென்ஷன் ஆகாத."

"ஜீன்சோட பூசையில நிக்காத கண்ணு" என்றார் தனபாக்கியம், பின்னாலிருந்து. "வெரசாப் போயி ஒரு சேலையக் கட்டிட்டு வா. நேரம் ஆவுது."

அவள் புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். கேரேஜ் கதவு உயர்ந்திருந்தது. பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழங்கள். தனபாக்கியம் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் நெடுஞ்செழியன் உட்கார்ந்திருந்தான். பத்மநாபன் சார் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு காமெடி கேளுங்க" என்றான் செழியன், ஜன்னல் வழியாக. "அவ்வளவு பெரிய எஞ்சினைக் கட்டினவங்க ஒரு ஃப்யூஸைப் போட மறந்துட்டாங்க. டேஷ்போர்டு மேலயே கிடக்கு. நல்ல வேளை, நான் பார்த்தேன். ஃப்யூஸ் பெட்டி மூடியில படம் போட்டிருந்துச்சு, கரெக்டா மாட்டிட்டேன்."

"பார்த்தீங்களா? கடைசியில டெஸ்டிங் பண்ண ஒரு ஆம்பளை தேவைப்படுது" என்றார் பத்மநாபன் சார். எல்லோரும் சிரித்தார்கள்.

யாமினி அந்தச் சிரிப்புக்கு நடுவே அவன் கையைப் பார்த்தாள். கை சாவியில் இருந்தது.

வேண்டாம். ஒரே சொல்தான். அது தொண்டை வரைக்கும் வந்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மாமியாரின் உதடுகள் முணுமுணுத்தபடி இருந்தன. இப்படி ஒரு நேரத்தில் வேண்டாம் என்றோ நில் என்றோ யாரும் சொல்வதில்லை. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு வளர்ந்தவள் அவள். கல்யாண வீட்டில், பால் காய்ச்சும் வீட்டில், வண்டி கிளம்பும் வாசலில் இல்லை என்ற சொல்லையே வேறு விதமாகச் சுற்றிச் சொல்லப் பழகிய நாக்கு. அந்த நாக்கு அப்போது அவளுடையதாக இல்லை. வாய் திறந்தது. காற்றுதான் வெளியே வந்தது.

எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சுத்தமாக அவள் அதைக் கட்டியிருந்தாள்.

கைதட்டினார்கள். செழியன் உற்சாகமாகி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை, பத்மநாபன் சாருக்காக மறுபடியும். யாமினி திறந்திருந்த ஜன்னல் வழியே எண்ணெய் முள்ளைப் பார்த்தாள். அது பூஜ்யத்தில் கிடந்தது. தரையில் படுத்துவிட்ட மாட்டைப் போல எழவே மாட்டேன் என்று கிடந்தது. எஞ்சினின் உறுமலுக்கு அடியில் மெல்லிய ஒரு ஊளை கிளம்பிற்று. அதுதான் டர்போவின் சத்தம் என்று எல்லோரும் ரசித்தார்கள். கார் முன்னால் நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முள் மெதுவாக எழுந்தது, எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வரும் உறவினர் மாதிரி.

"ஒம்போதுக்கு முன்னாலயே எடுத்தாச்சு" என்றார் தனபாக்கியம் நிறைவோடு.

டிபன் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர்கள் போன பின் யாமினி புடவையைச் சொருகிக்கொண்டு காருக்கடியில் படுத்து எண்ணெயை வடித்தாள். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய் முழுக்கப் பொன் தூள் தூவினாற்போல் மின்னியது. பேரிங்குகள் அரைபட்டு உதிர்ந்த உலோகம். டர்போவைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்தாள். விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

செழியன் வந்து பின்னால் நின்றான். அவள் சொன்னாள், எவ்வளவு சுருக்கமாக முடியுமோ அவ்வளவு சுருக்கமாக. அவன் முகம் உண்மையாகவே வாடியது.

"எனக்கு எப்படித் தெரியும் யாமி? நீ மறந்துட்டேன்னுதானே நினைச்சேன்."

"தொடாதன்னு சொன்னேன்."

"தொடாதன்னா, நீ சும்மா சொல்றேன்னு... சரி, என் தப்புதான். ஆனா நான் சாவி போடும்போது நீ பக்கத்துலதானே நின்னே? ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே. ஏன் கத்தல?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"விடு, வேற எஞ்சின் வாங்கிக்கலாம்" என்றான். "ஹாபிதானே."

அன்று மாலை அவள் பாத்திரம் தேய்க்கும்போது தனபாக்கியம் பக்கத்தில் வந்து நின்றார். துடைக்கத் தேவையில்லாத தட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ வாயத் தொறந்தது எனக்குத் தெரிஞ்சுது கண்ணு."

யாமினி குழாயை மூடினாள்.

"என்னமோ வேண்டாங்கறயின்னு பட்டுச்சு. சூடம் எரிஞ்சுட்டு இருந்துச்சா... அணையட்டும், அப்பறம் கேட்டுக்கலாமுன்னு இருந்துட்டேன்."

"ஏன் அத்தை? உங்க பையன்தானே. நீங்க நிறுத்துன்னு சொன்னா நிறுத்தியிருப்பானே."

தனபாக்கியம் அவளை வியப்போடு பார்த்தார். "அந்த நேரத்துல அப்படிச் சொல்லலாமா?" என்றார். அதில் கேலி இல்லை, பிடிவாதம் இல்லை. தெரிந்த ஒன்றை ஏன் கேட்கிறாய் என்பதுபோல் இருந்தது. யாமினி மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை டர்போவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கார்லண்டுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வருகிறேன் என்று சொன்ன இடத்துக்குப் போகாமலிருப்பதும் அவளுக்குப் பழக்கமில்லை.

வாசலில் கார்ச் சத்தத்தை எதிர்பார்த்திருந்த அல்பிரட், குடும்பக் காரிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்தார். துணியைப் பிரித்தார். தண்டை அசைத்தார். வெளிச்சத்துக்கு அருகே கொண்டுபோய், சூட்டில் நீலம் பாய்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பட்டறைக்குள் யாரோ எதையோ கடைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் கேட்டார்.

"எண்ணெய் ஏற முந்தி ஆர் ஸ்டார்ட் பண்ணினது?"

என் கணவர் என்று சொல்லிவிடலாம். அது உண்மை. அடுத்து அவர், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்பார். பக்கத்தில் நின்றேன். பார்த்துக்கொண்டு நின்றேன். முள் பூஜ்யத்தில் கிடந்ததையும் பார்த்தேன். நல்ல நேரம் என்பதால் சொல்லவில்லை. இதை ஒரு பட்டறையில், ஒரு எஞ்சினுக்கு முன்னால் நின்றுகொண்டு எந்த வார்த்தைகளில் சொல்வது? யோசிக்க யோசிக்க, சாவியைத் திருப்பிய கைக்கும் தன் வாய்க்கும் இடையிலிருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அது இல்லாமலே போயிற்று.

"நான்தான் அங்கிள்."

அல்பிரட் தலையசைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. டர்போவை மறுபடி துணியில் பத்திரமாகச் சுற்றி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். எண்ணெய்க் கறை படாத நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

கேத்தில் பக்கம் நகர்ந்தவளிடம், "இருங்கோ, நான் போட்டுத் தாறன்" என்றார்.

மூலைக்குப் போய்க் கேத்திலை வைத்தார். கோப்பையை இரண்டு தரம் கழுவினார். சீனி எவ்வளவு என்று கேட்டார். பிறகு தன் கையாலேயே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து, சாசருடன் அவள் முன்னால் வைத்தார்.

அவள் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.