நாலு மணி வீடு

நெல்லித்தோப்பில் பிரான்சுவா வீட்டின்மேல் மட்டும் ஏழு வருடம் சாயங்காலம் நாலு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் விளக்குப் போட்டு ராத்திரிக்குத் தோசை ஊற்றுவார்கள். இந்த வீட்டுச் சுவரைத் தொட்டால் சுடும். காரணம் தெருவுக்கே தெரியும். அவர் மகள் லினெட் லாஸ்பேட்டையில் பிஎச்.டி. படித்தாள், உப்பனாறு வாய்க்கால் தண்ணீரைப் பற்றி. முடிக்க வேண்டிய கெடு தீர்ந்த அன்று நாலு மணிக்கு, ஒரு வருடம் நீட்டித்து யுனிவர்சிட்டி ஆபீசில் உத்தரவு கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தாள். கூடவே வந்த வெயில் பிறகு இறங்கவில்லை.

தெரு கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது, பிறகு பயன்படுத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு ஷரீபா அடைமழையிலும் அந்த மாடியில் மிளகாய் காயவைத்தாள். மாடி பூச வந்த கொத்தனார் ராஜாங்கம், ஐந்து மணி ஆனால் இறங்கலாம் என்று பூசிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவர் பெண்சாதி வந்து, "யோவ், ஊருக்கெல்லாம் விடிஞ்சு விடிஞ்சு போவுது, எறங்குய்யா" என்று சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினார். ஒரு நாள் கூலிதான் கிடைத்தது. அந்த வீட்டில் அது ஒரே நாள்தானே.

லினெட்டுக்கும் முத்தியால்பேட்டை ஜெஸ்டினுக்கும் முன்பே நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் மகள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை என்று பிரான்சுவா சொல்லிவிட்டார். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். ஆறு மாதத்துக்குள் தாலி ஏறாவிட்டால் அந்த ஓலை செல்லாது. ஏறவில்லை. கெடு நீண்டபோதெல்லாம் ஓலையும் புதிதாக வாசிக்கப்பட்டது. நாலாவது தடவை, "ஆட்சேபண எங்களுக்கு இல்ல சாமி, யுனிவர்சிட்டிக்குத்தான்" என்று பின் பெஞ்சில் யாரோ சொல்ல, சாமியாரே சிரித்துவிட்டார்.

ஜெஸ்டின் வீட்டுக்கு வந்து கேட்டான்.

"இன்னும் எவ்ளோ நாளு லினெட்டு?"

"நேரம் இருக்கு ஜெஸ்டின். இப்பதான நாலு."

"உனக்கு நாலு. எனக்குத் தல நரைக்குது."

அவள் பொய் சொல்லவில்லை. நாலு மணிக்கு யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒரு அத்தியாயத்தைக் கொடுப்பாள், கைடு திருப்பிக் கொடுப்பார், மறுபடி உட்காருவாள். பிரான்சுவா தூக்கம் கெட்டு, பிரான்சில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். லினெட் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தனியாகப் படுத்தாள். பொழுது சாய்ந்த பிறகு வந்து பேசிக்கொண்டிருப்பவர்கள், அந்த வீட்டில் பொழுது சாயாததால் வராமலே போனார்கள்.

ஒரு ஞாயிறு பூசையில் ஜெஸ்டின் பெயரோடு ஆஷ்லின் என்ற பெயரை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று சாமியார் கேட்டதும் கோயில் முழுக்க லினெட்டைத் திரும்பிப் பார்த்தது. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். பூசை தொடர்ந்து நடந்தது.

அந்த வருடம் ஆபீசில், "இதுக்குமேல கெடையாதும்மா" என்றார்கள். அவளும் கேட்கவில்லை. எழுதி முடித்து, பைண்டு போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்தபோது மற்ற வீடுகளோடு சேர்ந்து அந்த வீடும் இருட்டிக்கொண்டிருந்தது. ஷரீபா மிளகாயை வாரிக்கொண்டு போயிருந்தாள். கொசு வந்தது. லினெட் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள், எரியவில்லை. தெருமுனையில் மஜீத் கடைக்குப் போனாள்.

"பல்பு குடுங்க பாய்."

"அங்க இருட்டிடுச்சா?"

"இருட்டிடுச்சு."

"எத்தினி பேரு பொழங்குற ரூம்பு?"

"ஒரு ஆளு."

"அப்ப ஒம்போது வாட் போதும்" என்று சொல்லி மஜீத் பல்பை ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டி, அணைத்து, அட்டையில் போட்டுக் கொடுத்தார். பிறகு அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.