இரண்டு பேருக்கான பாலிசி

லாம்பிக்கு அலுவலகத்தில் எல்லாருடைய குணமும் அவரவர் அழைப்பு மணியை வைத்துத் தெரியும். ப்ளோவ்டிவ் நகரின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் விடுகிற சின்னக் கம்பெனி அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். ஊழியர்கள் தங்களுக்குள்ளும் ஊராரோடும் பேச ஒரு செயலி இருந்தது. அதில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பாலிசிக்குள், அதாவது ஒரு விதித்தொகுப்புக்குள், இருந்தாக வேண்டும். மணி அடிக்கலாமா, எப்போது அடிக்கக் கூடாது, பேசுவது திரையில் எழுத்தாக வர வேண்டுமா என்பதை அந்தப் பாலிசிதான் சொல்லும்.

மற்ற இடங்களில் மூன்று நான்கு பாலிசியோடு முடிந்துவிடும். லாம்பி தையல்காரன் மாதிரி ஆளுக்கொன்று அளவெடுத்துத் தைத்திருந்தான். கணக்குப் பிரிவு சோன்காவுக்கு முதல் காபி முடியும்வரை மணி அடிக்காது. பம்பு இரைச்சலில் வாழ்கிற கோஸ்தாவுக்கு ஊரே எழுந்துகொள்கிற மாதிரி அடிக்கும். தனக்கென்றும் ஒன்று வைத்திருந்தான். அதில் மணியே கிடையாது. போன வசந்தத்தில் மனைவி தெமெனுகா இறந்த பிறகு எழுதியது. யாரும் அவனை அழைக்க முடியாது. எழுதினால் பதில் எழுதுவான்.

பிப்ரவரியில் புது இயக்குநர் செவ்தாலின் வந்தார். பாலிசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னப்பா இது, கம்பெனியா, மாமியார் வீட்டு விருந்தா? ஆளுக்கொரு ருசி கேக்குதோ? எல்லாருக்கும் பொதுவா மூணு போதும்."

லாம்பி வாதாடவில்லை. எதற்கும் வாதாடுவதை அவன் விட்டிருந்தான். மூன்றாக்கினான். தன்னுடையதை மட்டும் மறந்ததுபோல் தொடாமல் விட்டான்.

மறுநாள் காலை புகார் மேசை நெவ்யானா கீழே அவன் அறைக்கு வந்தாள். குழாய் உடைந்தால் ஊர் முதலில் திட்டுவது அவளைத்தான். வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"அந்த எழுத்து எங்கடா போச்சு?"

"எந்த எழுத்துக்கா?"

"பேசப் பேசத் திரையில ஓடுமே, அது."

"பொதுப் பாலிசில அது இல்லக்கா. ஃபோன்லதான் நல்லாக் கேக்குமே..." பாதியில் நிறுத்தினான். அவள் அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது காது சுத்தமாப் போயிடுச்சு," என்றாள். "வலது காது இருக்கு. நம்ம ஆபீஸ் லிஃப்ட் மாதிரி. அதுக்குத் தோணுனா வேலை செய்யும்."

"டைரக்டர்கிட்ட சொல்லலாமேக்கா."

"சொல்லி? காது கேக்காதவளைப் புகார் மேசையில வெச்சிருப்பாரா? மீட்டர் கிடங்குக்கு அனுப்புவாரு. அங்க நான் யார்கிட்டடா பேசறது, மீட்டர்கிட்டயா? எனக்கு மனுஷங்க வேணும். திட்டற மனுஷங்களா இருந்தாலும் பரவால்ல."

லாம்பி மேலே போனான். பெயர் சொல்லாமல், எழுத்து ஓடுகிற பாலிசி ஒன்று கூடுதலாக வேண்டும் என்று மட்டும் கேட்டான். செவ்தாலின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வெச்சுக்கோ. காரணம் கேக்க மாட்டேன். ஆனா ஒரே ஆளுக்குன்னு ஒரு பாலிசி கூடாது. தணிக்கைக்காரன் வந்து, 'யாருங்க இந்த மகாராணி?'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? ரெண்டு பேர் இருந்தா அது ஒரு பிரிவு. ஒருத்தர் இருந்தா அது சலுகை."

கதவுவரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, உன்னோடதையும் பார்த்தேன். அதுக்கும் இதேதான்."

குரலில் கடுமை இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

லாம்பி இரண்டாவது ஆளைத் தேடினான். சோன்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "என் நாத்தனாரைப் பத்தி நான் பேசறதையெல்லாம் மெஷின் எழுதி வெக்குமா? ஆளை விடுப்பா சாமி."

கோஸ்தா வாய்விட்டுச் சிரித்தான். "நான் பேசறதை எழுத்துல பார்த்தா பாதிரியாரே மயங்கி விழுவாரு. ஒண்ணு செய். பம்பு நிலையத்து நாய் ஷாரோவைச் சேர்த்துடு. அவனும் கம்பெனிச் சோறுதானே திங்கறான்?"

லாம்பி தன் அறைக்குத் திரும்பி உட்கார்ந்தான். திரையில் ஒற்றை ஆள் பாலிசிகள் இரண்டு இருந்தன: அவனுடையதும், நெவ்யானாவுக்கென்று புதிதாகப் போட்டதும். அவனுடையதற்குள் நெவ்யானா வர முடியாது. மணி அடிக்காத புகார் மேசை உலகத்தில் கிடையாது. அவளுடையதற்குள் அவன் போகலாம்.

போனால் மணி அடிக்கும். அதுதான் தொல்லை. மணி அடித்ததும் தெமெனுகாதான் என்று கை தானாகப் போகும். ஒரு நொடிதான். பிறகு புத்தி வந்துவிடும். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் அவன் மணியையே அடைத்து வைத்திருந்தான்.

நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டான். பிறகு தன் பெயரை எடுத்து நெவ்யானாவின் பெயருக்குக் கீழே வைத்தான். 'தயார்' என்று அவளுக்கு எழுதினான்.

அவள் கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு இறங்கி வந்தாள். புதுக்காரியம் எதுவானாலும் வாசலில் தண்ணீர் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். காரியமும் தண்ணீர்போலத் தடையில்லாமல் ஓடுமாம். தண்ணீர் விற்கிற கம்பெனியில் அதைத் தாராளமாகவே செய்வார்கள். நிலைப்படியில் அவள் சாய்த்த தண்ணீர் கணினிகளைப் பார்த்து ஓடியது.

"அக்கா! உள்ள கரண்ட்டு!" காகிதக் கட்டைப் போட்டு அணை கட்டினான் லாம்பி.

"கொஞ்சம்தானேடா ஊத்தினேன்." குனிந்து தன் சால்வையால் துடைத்தாள். "சரி, யாரு அந்த ரெண்டாவது புண்ணியவான்?"

"நான்தான்."

உதட்டைச் சரியாகத்தான் பார்த்தாள். ஆனாலும் இன்னொரு முறை கேட்டாள். அவன் இன்னொரு முறை சொன்னான்.

"உனக்கு மணி அடிக்குமேடா."

"அடிக்கட்டும்."

அவள் ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு எழுந்து மேலே போனாள். முதல் அழைப்பை அவனுக்கே போட்டாள்.

மணி அடித்தது. கை போயிற்று. அந்த ஒரு நொடி வந்தது. நின்றது. பொத்தானில் விரலை வைத்து அழுத்தினான்.

"கேக்குதாக்கா?"

"கேக்கல. ஆனா 'கேக்குதாக்கா'ன்னு அழகா எழுதியிருக்கு." அவள் சிரித்தாள். "மெஷின் மேல குத்தமில்ல. நீ பேசறதுதான் பத்தல. திரை பாதி காலியா கெடக்கு. இன்னும் ஏதாவது பேசு, சோதிக்கணும்."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசேன். என் நம்பர் கொஞ்ச நேரம் பிஸியா இருக்கட்டும். வெளியே திட்டறதுக்கு வரிசையில நிக்கறாங்க."

லாம்பி ஒலிவாங்கியை வாய்க்கு அருகே இழுத்தான்.

"தெமெனுகாவும் இப்படித்தான்," என்று தொடங்கினான். "சும்மா, ஒரு காரணமும் இல்லாம கூப்பிடுவா..."

நிறுத்தினான். அந்தப் பக்கத்திலும் சத்தமில்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தான்.

"இருக்கேன்டா," என்றாள் நெவ்யானா. "படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். 'கூப்பிடுவா'ன்னு வந்து நிக்குது. மேல சொல்லு."

சொன்னான்.