ஹலீமாவின் முதல் நோன்பு

ஹலீமாவுக்குப் பத்து வயது. பார்க்கிறவர்கள் ஐந்து என்பார்கள். ஏழு வயதுத் தங்கை அவளைவிட ஒரு தலை உயரம்.

டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்தார். தாதி தமிழில் சொன்னாள்: "வளர்ச்சி ஹார்மோன் சுரக்கலைம்மா. அதனால இன்சுலினும் கம்மியாத்தான் வருது."

உம்மா பதுருன்னிசாவுக்கு இன்சுலின் என்ற அந்த ஒரு சொல் போதும். செத்துப்போன கணவருக்கும் அதுதான் கம்மி என்றார்கள். முதலில் விரல் போனது, பிறகு கால். சர்க்கரை ஏறி மயங்கியவர் எழவே இல்லை. பசி, நேரம் என்று தாதி மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் ஏறவில்லை.

அன்றே ஜாலான் புசார் வீட்டில் சீனி டப்பா மேல்தட்டுக்குப் போனது. நாற்காலி போட்டாலும் ஹலீமாவுக்கு எட்டாது.

நோன்பு வந்தது.

"தங்கச்சி பிடிக்கிறா. நான் மட்டும் சின்னப்புள்ளையா, உம்மா?"

நோன்பு மாதத்தில் கணவருக்குச் சர்க்கரை இறங்கும். இவளுக்கும் இறங்கட்டும் என்று நினைத்தாள் பதுருன்னிசா. "சரி, பிடி."

பக்கத்து வீட்டு சாயிரா பானு சிரித்தாள். "பால்குடிக்கெல்லாம் நோன்பா? உங்க உம்மா பால்புட்டிய ஒளிச்சிட்டாங்களா?"

"ஒளிச்சது சீனி டப்பா, மாமி."

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைக்கு வேர்த்தது. கை சில்லிட்டது. தங்கையைப் பார்த்து, செத்துப்போன தகப்பனைக் கூப்பிடுவதுபோல் "வாப்பா" என்றாள். சுவரோடு சரிந்தாள்.

சாயிரா பானு ரோஸ் சர்பத் கலந்து ஓடி வந்தாள். "நோன்பு போனா போவுது லா! குடிக்கக் குடு!"

ஹலீமா வாயைத் திறந்தாள்.

"சீனியா? எம்புள்ளையக் கொல்லப் பாக்குறியா?" பதுருன்னிசா தட்டிவிட்டாள். சர்பத் பதுருன்னிசாவின் சேலையெல்லாம் கொட்டியது. சற்று நேரத்தில் பிள்ளையின் உடம்பு வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றி ஒரு புட்டியைத் தொங்கவிட்டார்கள்.

"மயங்குறதுக்கு முன்னால இனிப்பு ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?" என்றாள் தாதி.

"சத்தியமா இல்ல. ஒரு சொட்டு உள்ள போக விடல."

தாதி டாக்டரிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பதுருன்னிசாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"அந்தப் புட்டியில என்ன?"

"சீனித் தண்ணிதாம்மா."

"சீனியா? எம்புருஷன் சர்க்கரையிலதான் போனாரு!" பதுருன்னிசா குழாயைப் பிடித்தாள். தாதி அவள் கையை விலக்கினாள். "இது உங்க வீட்டுக்காரருக்கு வந்த வியாதி இல்லம்மா. இந்த ஹார்மோன் இல்லாத புள்ளைக்குப் பசியில சர்க்கரை இறங்கிடும். அப்ப ஒரு மடக்கு உள்ள போயிருந்தா..."

தாதி குழாயைச் சரிசெய்தாள்.

ஹலீமா கண்ணைத் திறந்திருந்தாள். உம்மா கூப்பிட்டாள். கண் அவள் பக்கம் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

சேலையில் சர்பத் காய்ந்து, விரலில் ஒட்டியது.