பாதி ஷட்டர்

சாலைக் கடைத்தெருவில் பகல் நேரத்தில் ஒரு ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் அந்த வீட்டில் மரணம் என்று அர்த்தம். முழுக்க அடைத்திருந்தால் முதலாளி உம்ராவுக்கோ குற்றாலத்துக்கோ போயிருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பாதி என்றால், மரித்தவரை எடுக்கும்வரை பாதி. பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி, குனிந்து உள்ளே வந்து கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். அரிசிக் கடையானாலும் ஆணிக் கடையானாலும் இதுதான் வழக்கம்.

அந்தப் புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு நயினார் ஹார்ட்வேர்ஸில் யாரும் மரித்திருக்கவில்லை. அதற்கான முயற்சி நடந்துகொண்டிருந்தது.

முதலாளி நயினார் முகம்மது பள்ளிவாசல் மஹல்லா கமிட்டியின் துணைத் தலைவர். அடுத்தவர் வீட்டுக் கௌரவத்தைப் பற்றி முப்பது வருஷமாகத் தீர்ப்புச் சொல்லி வந்தவர். கல்லாவுக்குப் பின்னால் எட்டுப் படங்கள். எட்டிலும் பொன்னாடையோடு அவரே நின்றார். தம்மாமிலிருந்து விடுமுறையில் வந்திருந்த தம்பி கலிமுல்லா, சார்ஜில் கிடந்த அண்ணன் மகனின் போனைக் காலையில் எடுத்துப் பார்த்திருந்தார். இருபத்துநாலு வயது இலியாஸ் யாருக்கு என்ன எழுதியிருந்தான் என்பதைச் சந்தேகம் தீர இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அண்ணனிடம் கொண்டுவந்தார். எழுதியது வினீத்துக்கு. பழவங்காடியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கும் பையன்.

"முகத்துல வேண்டாம்" என்றார் நயினார், கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே. "வெள்ளிக்கிழம போட்டோ எடுக்கணும்."

வெள்ளிக்கிழமை சபீனாவுக்கு நிச்சயம். கொல்லத்திலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். இலியாஸுக்கு மூன்று வயது மூத்த அக்கா சபீனா. கடையில் பில் போடுவது அவள்தான்.

"சபீனா, ஷட்டர இறக்கு."

அவள் கொக்கியைப் போட்டு இழுத்தாள். இடுப்பளவுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இறங்க மாட்டேங்கு வாப்பா. ஸ்பிரிங் புடிச்சிருக்கு."

ஷட்டர் ஸ்பிரிங் விற்கிற கடை அது. வேறு நாளாக இருந்தால் நயினார் இதை அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பார். அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதனால் அடிப்பது என்ற யோசனையில் இருந்தார். பித்தளைக் குழாயை எடுத்தவர், விலை ஞாபகம் வந்து திரும்ப வைத்தார். பி.வி.சி. குழாய் மூன்றாவது அடியில் பிளந்தது. கம்பெனிக்காரன் அதற்கு இருபத்தைந்து வருஷ உத்தரவாதம் கொடுத்திருந்தான். பிறகுதான் இரும்புக் குழாய்க்கு வந்தார்.

பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்த இலியாஸின் கால்களின்மேல் கலிமுல்லா உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்திட்டேன்னு சொல்லுல. உங்க வாப்பா விட்டுருவாரு."

"என்னத்த சாச்சா நிறுத்த?"

குழாய் இடது முழங்கையில் விழுந்தது. கொட்டாங்கச்சி உடைவதுபோல ஒரு சத்தம். அடுத்தது விலாவில். இலியாஸ் கத்தியது பாதி தூரம் போய் மூச்சில்லாமல் நின்றது. நயினார் மூட்டுவலிக்காரர். ஒவ்வொரு அடிக்கும் இடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எட்டூருக்கு நியாயம் சொன்ன குடும்பம்டா இது" என்று இலியாஸுக்குத் தெரிந்த விஷயத்தையே சொன்னார்.

சபீனா ஷட்டரடியில் நின்று வெளியே பார்த்தாள். எதிர்த்த அரிசிக் கடை ஷட்டர் பாதி இறங்கியது. அப்புறம் பக்கத்துப் பாத்திரக் கடை. பிறகு செருப்பில்லாத கால்கள் தெருவைக் கடந்து வந்தன. அவளுக்கு மூச்சு வந்தது.

முதலில் குனிந்து நுழைந்தவர் அரிசிக் கடை குற்றாலலிங்கம். அவருக்குப் பின்னால் மூட்டை தூக்கும் சுமட்டு யூனியன் தாசையனும் இன்னும் நாலைந்து பேரும்.

"பாய், ஆரு மரிச்சது? காலைல போகும்போகூட ஒண்ணும் சொல்லல்லியே." நிமிர்ந்தவர் இரும்புக் குழாயைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "இது எந்தா பாய்?"

நயினார் யோசித்தார். பெற்ற மகனையே கொல்லப் பார்த்தவர் என்று நாலு பேர் சொன்னால் அதை அவர் தாங்கிக்கொள்வார். எதற்காக என்று கேட்டுவிட்டால்தான் வெள்ளிக்கிழமை போய்விடும்.

"கல்லாவுல கைய வச்சுட்டான்" என்றார். "பெத்த மவன், அண்ணாச்சி."

வந்தவர்களிடம் ஒரு பெருமூச்சு எழுந்தது. இது அவர்களுக்குப் புரிந்த பாவம். சொந்த மச்சினனிடம் ஒரு கடையையே பறிகொடுத்தவர் குற்றாலலிங்கம். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இதுக்கா இத்தன மெதுவா அடிக்கீங்க?"

குப்புறக் கிடந்தவனைப் புரட்டி வயிற்றில் மிதித்தார். பாத்திரக் கடைக்காரர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். தாசையன், இலியாஸின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, "திருடுன கைய ஒடிக்கணும் முதலாளி" என்றான்.

"ஒண்ணு ஒடிச்சாச்சு" என்றார் கலிமுல்லா.

"மத்தது கெடக்குல்லா."

முகத்தை விட்டுவிடுவது என்ற ஏற்பாடு புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. உதடு கிழிந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. இடையில் விழுந்த சபீனாவை யாரோ தள்ளிவிட, ஆணிப் பெட்டிகள்மேல் போய் விழுந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒரு மய்யித்தைப் பார்க்காமல் போகப்போவதில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அழைத்துக்கொண்டு வந்தது அவள்தான்.

எழுந்து, ஒரு ஸ்பானரை எடுத்து ஷட்டரில் ஓங்கி அடித்தாள். தகரம் தெரு முழுக்க அதிர்ந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அவன் திருடல அண்ணாச்சி. அவனுக்கு ஒரு பையன இஷ்டம். பொம்பளைய கட்டமாட்டான். அதுக்குத்தான் வாப்பா அடிக்காங்க."

வினீத்தின் பெயரை அவள் சொல்லவில்லை.

முதலில் தாசையனின் முழங்கால்கள் விலகின. பாத்திரக் கடைக்காரர் முடியை விட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தார். குற்றாலலிங்கம் மிதித்த காலைச் சாக்கில் துடைத்தார், ரத்தம் படாத இடத்தையும் சேர்த்து. சாலைக் கடைத்தெருவின் மத நல்லிணக்கத்தைப் பற்றி நயினார் பல மேடைகளில் பேசியிருக்கிறார். அன்று அது கண்ணெதிரே நின்றது: நெற்றியில் விபூதி, கழுத்தில் குருசு, தொழுகைத் தழும்பு, மூன்றும் ஒரே அளவு தூரம் பின்வாங்கின.

"இந்தக் கேஸா" என்றான் தாசையன். "மொதல்லயே சொல்லண்டாமா. தொட்டும் போச்சே."

நடுவில் வழி விழுந்தது. சபீனா தம்பியின் வலது அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ஷட்டருக்கு அடியில் குனிந்தபோது அவன் அலறினான். அவள் நிற்கவில்லை.

"புடிங்க அண்ணன்" என்றார் கலிமுல்லா. அவரும் பிடிக்கவில்லை. இத்தனை பேர் பார்க்க அவனை யார் தொடுவது?

"சபீனா" என்றார் நயினார். "வெள்ளிக்கிழம முப்பது பேரு வாறாங்கம்மா."

"நீங்களே போன் பண்ணி சொல்லிருங்க வாப்பா."

வெளியே ஆட்டோக்காரன் பின்சீட்டில் பழைய துணியை விரித்தான். "ஆக்சிடெண்டா?"

"ஆமா. மெடிக்கல் காலேஜ் போங்க. பெட்டென்னு."

திருப்பத்தில் குலுங்கியதும் இலியாஸ் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "லாத்தா, ஸ்பிரிங் நெசமாவே புடிச்சுதா?"

"பேசாத. நேத்துதான நீ எண்ண போட்ட."

கடையில் யாருக்கும் கிளம்பத் தோன்றவில்லை. சும்மா வந்துவிட்டுப் போவதற்குச் செருப்பைக் கழற்றியிருக்கமாட்டார்கள். குற்றாலலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மவன் கெடயாது அண்ணாச்சி" என்றார் நயினார். "மரிச்சுட்டான்."

குற்றாலலிங்கத்தின் முகம் தெளிந்தது. முன்னால் வந்து கையை நீட்டினார். நயினார் குழாயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைக் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்து பிடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நின்ற தாசையன் முதலில் தன் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

கல்லாமேல் போன் அடித்தது. பள்ளிவாசல் மோதினார். பாதி ஷட்டர் விஷயம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

"சந்தூக்குப் பெட்டிய இறக்கித் தொடச்சு வச்சாச்சு முதலாளி. மைக்ல நேரம் சொல்லணும். மய்யித்த எப்ப எடுக்கீங்க?"

நயினார் ஷட்டரைப் பார்த்தார். எடுக்கும்வரை அது பாதியில்தான் நிற்க வேண்டும். அடியில், வாசல் கல்லிலிருந்து தெருவரை, ரத்தம் இழுத்த தடம் போயிருந்தது.

"எடுத்தாச்சு" என்றார்.